கலியாண வீட்டுக்குப் பார்வையாளர் சீட்டு

14 ஆகஸ்ட் 2024, கெல்சென்கிர்ச்சன்

தேஜஸ்வினியைக் கிண்டர்கார்ட்டனில் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தியதும் திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தண்ணீர்ப் போத்தலின் மூடியை இறுக்கிப் பூட்டினேனா? அழுதிருப்பாளோ? போகவில்லை. போன கிழமை போய் யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்ததற்கே டீச்சர் வெளியே வந்து, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், நீங்கள் போய்ப் படுங்கள் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருந்தாலும்.

மத்தியானம் தங்கச்சி கிருசாந்தி வீடியோவில் வந்தாள். கூறைச்சேலை வந்துவிட்டதாம், தோளில் போட்டுக் காட்டினாள். பிறகு கலியாணம் நடக்கப்போகும் வீட்டைக் காட்டினாள். லண்டனுக்கு வெளியே, கென்ட்டில். எல்டர்ஹர்ஸ்ட் என்று பெயர். யாரோ ஒரு பிரபுவின் வீடாக இருந்து, இப்போது சீட்டு வாங்கிப் பார்க்கிற இடமாகிவிட்டது. கலியாணத்துக்கும் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை ஜெயகாந்தின் தாய் கிரிஜா அன்ரிதான் இதுதான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றவராம். படத்துக்கு வடிவாக இருக்குமாம். ஆனால் உள்ளே நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். ஓமம் வளர்க்கப் புல்வெளியில் கூடாரம் போடுகிறார்கள்.

"அரண்மனையை வாடகைக்கு எடுத்துப்போட்டு வெளியிலை கூடாரத்துக்கை இருந்து தாலி கட்டுறம் அக்கா, இந்த விசர்க்கதை ஆருக்கு நடக்கும்?" என்று சிரித்தாள்.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆகவே நானும் இவரும்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவளுடைய கையை இவர் மாப்பிள்ளையின் கையில் வைக்க, நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அம்மா கண்ணை மூடியதிலிருந்து அவளுக்கென்று நான் ஒன்றும் செய்ததில்லை. அவள் லண்டனில் தனியாகப் படித்தாள், வேலை செய்தாள், தானே ஒருவனைப் பார்த்தாள். எனக்கு மிச்சம் இருப்பது இந்தத் தண்ணீர்தான்.

விசா வந்துவிட்டது. சேலை வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்கு இன்னும் கூடுதலாகப் பயம்.

19 ஆகஸ்ட்

குசினித் தொட்டியில் செம்பில் தண்ணீர் வார்த்துப் பழகினேன். முதலில் சிரிப்பு வந்தது.

28 ஆகஸ்ட்

இவருக்கு என்ன நடந்தது?

இளங்கீரனைக் கட்டி ஆறு வருடம். இந்த மனிதர் இங்கேயே படித்து வளர்ந்தவர். கிடங்கு வேலை, வீடு, கோடையில் ஹம் நகர அம்மன் கோயில் தேர். அதற்கு வெளியே ஒரு நாள் எங்கேயும் கூட்டிப்போனது கிடையாது. இன்றைக்கு வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "நாங்கள் மூண்டாந்தேதியே வெளிக்கிடுவம். ஒரு ஊர்லாப் மாதிரி, லீவிலை சுத்திப்பாக்க" என்கிறார். கலியாணம் எட்டாந்தேதி. ஆறாந்தேதி போய் ஈஸ்ட்ஹாமில் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணை வீட்டில் தங்குவதென்றுதான் பேச்சு. இப்போது அண்ணை வீடு வேண்டாமாம். ஹோட்டலாம். டோவர் கோட்டையாம், லீட்ஸ் கோட்டையாம், பழைய மாளிகைகளாம், ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொன்றாம்.

"ஏன் திடீரெண்டு?"

"நீர் வரலாறு படிச்சனீர்தானே. பாக்க ஆசையில்லையோ?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் என்ன படித்தேன் என்று இந்த ஆறு வருடத்தில் இன்றைக்குத்தான் இவருக்கு நினைவு வந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். கறிக்கு இரண்டாம் தரமும் உப்புப் போட்டுவிட்டேன்.

31 ஆகஸ்ட்

கீழ்வீட்டுக் கொறற்றி அக்காவிடம் சொன்னேன். அவர் பாசையூர்க்காரர், வேதக்காரர், வாயில் எப்போதும் ஒரு பகிடி. "மனிசன் தானாக் கேட்டு அரண்மனை காட்டக் கூட்டிக்கொண்டு போறான் எண்டால், ஒண்டு லொட்டோ விழுந்திருக்கோணும், இல்லாட்டி ஏதோ பிழை விட்டிருக்கோணும். எதுக்கும் நீ போய்ப் பார் பிள்ளை, பிழையெண்டாலும் அரண்மனை அரண்மனைதானே" என்றார்.

அவருக்கு அது சிரிப்பு. நான் அதையே பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

மாமி வீட்டுக்குப் போனேன், இவருடைய அம்மாவிடம். ஞானமலர் மாமியின் கண் வீங்கியிருந்தது. வெங்காயம் உரித்ததாகச் சொன்னார். குசினியில் வெங்காயம் இருக்கவில்லை. நான் போனபோது தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தவர், "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

எனக்கு ஒளிக்கிறார்கள். இவருக்கு வருத்தமோ? வேலை போய்விட்டதோ? வேறு யாராவது... சீ. எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் அதுதான் தலைக்குள் சுற்றும்.

3 செப்டெம்பர், டோவர்

கப்பலில் தேஜு இரண்டு தரம் சத்தி எடுத்தாள். மூச்சு வேகமாக இருப்பது போலிருந்தது. நெஞ்சில் கை வைத்தபடியே வந்தேன். ஒன்றுமில்லை. இறங்கியதும் சிப்ஸ் கேட்டாள்.

என் தொலைபேசியில் வலை இல்லை. "உம்மடை சிம் இங்கிலாந்திலை வேலை செய்யாது. கிருசாந்தியோடை கதைக்கிறதெண்டால் என்ரையிலை கதையும்" என்றார் இவர். அவருடையது வேலை செய்கிறது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை.

4 செப்டெம்பர்

டோவர் கோட்டை. மலை உச்சியில், கடல் முழுக்கத் தெரிகிற இடம். கல்லுக்குள் ஒரு குளிர். ராசாவின் கட்டிலுக்குச் சிவப்பும் நீலமுமாகச் சீலை போட்டு, நேற்றுத்தான் எழும்பிப் போனவர் மாதிரி வைத்திருந்தார்கள். படித்த காலத்தில் இப்படி ஒரு இடத்துக்குள் நின்றால் என்னவெல்லாம் நினைப்பேன் என்று கற்பனை செய்திருக்கிறேன். நான் பார்த்தது இவருடைய முதுகைத்தான். ஒவ்வொரு அறிவிப்புப் பலகைக்கு முன்னாலும் நின்று வாசிக்கிறார், இங்கிலீசில், உதடு அசைய. இவருக்கு அந்தப் பாஷை அவ்வளவு வராது. என்னுடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் வாசிக்கிறார்.

தேஜு மட்டும் சந்தோஷமாக இருந்தாள். பீரங்கியைக் கண்டு "குக் மால்! குக் மால்!" என்று, பார் பாரென்று ஜெர்மனில் கத்தி, ஒரு இங்கிலீஸ்காரக் கிழவரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

5 செப்டெம்பர், மெய்ட்ஸ்டன்

எழுதாமல் இருக்க ஏலாது.

லீட்ஸ் கோட்டைக்குப் போனோம். சுற்றிவர அகழி. தண்ணீரில் கறுப்பு அன்னங்கள். இவர் பிள்ளைக்குப் பாண் துண்டு கொடுக்கிறார், அங்கே போடக்கூடாது என்று எழுதியிருக்கிறது, இவர் வாசிக்கவில்லை. அப்போது இவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, அடிக்க அடிக்கச் சட்டைப் பைக்குள் வைத்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஆர்?"

"வேலையிடம்."

பொய். வேலையிடத்துக்கு இவர் முகம் அப்படிப் போகாது. நான் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆட்கள் பார்க்கப் பார்க்கக் கேட்டேன். "எனக்கு ஏதோ ஒளிக்கிறீங்கள். வருத்தமோ? வேறை பொம்பிளையோ? சொல்லுங்கோ." அவர் "குவாட்ஷ், விசர்க்கதை, சும்மா இரும்" என்றார். "எட்டாந்தேதி மட்டும் பொறும், பிறகு எல்லாம் சொல்லுறன்" என்றார். அந்த வார்த்தை போதும் ஒரு மனிசிக்கு. பொறுத்திருக்கலாம். நாலு நாள்கூட இல்லை. பொறுத்திருக்கலாம்தானே! நான் இவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தேஜுவின் தலையில் வைத்தேன். "பிள்ளையிலை சத்தியமாச் சொல்லுங்கோ."

பிள்ளை தலையில் கை இருக்கப் பொய் சொல்ல இவருக்குத் தெரியாது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

"இராசலிங்கம் பெரியப்பா மோசம் போயிட்டார்" என்றார். "போன கிழமை. ஊரிலை. நீர் கேள்விப்படாமல் இருக்கோணும் எண்டுதான் இவ்வளவும்."

இவருடைய அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் செத்த முப்பத்தொண்டாம் நாள் முடியும்வரை எங்கள் மூன்று பேருக்கும் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, மணவறைக்குக் கிட்டப் போகக்கூடாது. ஆனால் காதில் விழாதவரைக்கும் துடக்கில்லை. எங்களுடைய சனம் அதற்காகத்தான் கலியாண நேரத்தில் செத்தவீட்டுச் செய்தியை ஒளிக்கிறது. நானே எத்தனை வீட்டில் கண்டிருக்கிறேன். எனக்கு ஏன் அது மூளையில் தட்டவில்லை? வேறு பெண் என்று நினைக்கத் தெரிந்தவளுக்கு?

ஈஸ்ட்ஹாம் அண்ணை வீட்டுக்குப் போனால் யாராவது உளறிவிடுவார்கள். அதனால் ஹோட்டல். வீட்டில் இருந்தால் ஊரிலிருந்து அழைப்பு வரும். அதனால் கோட்டை, மாளிகை, இங்கிலீஸ் பலகை. என் சிம்மை அவர்தான் வெட்டி வைத்திருந்தார். மரண அறிவித்தலில் பெறாமக்கள் வரிசையில், தம்பியின் பிள்ளைகளோடு, தன்னுடைய பெயரைப் போடவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டாராம், நான் எங்கேயாவது இணையத்தில் பார்த்துவிடுவேன் என்று. அந்தக் கோபத்தில்தான் பெரியப்பாவின் மகன் எடுத்து எடுத்துப் பேசுகிறாராம்.

"உங்களுக்குத் தெரிஞ்சுகொண்டு எப்பிடி மணவறையிலை இருந்திருப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"அது என்ரை பாவம். நான் சுமந்திருப்பன். நீர் துப்புரவா இருந்திருப்பீர்" என்றார்.

அன்னங்கள் பாணைத் தின்றுவிட்டுப் போய்விட்டன. தேஜு இன்னும் வேண்டுமென்று அழுதாள்.

6 செப்டெம்பர்

இவர் இரவு முழுக்கச் சொன்னது ஒன்றுதான். "இப்ப எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். வாயைத் திறக்காதையும். போவம், செய்வம், வருவம்."

நான் யோசித்தேன். மனதார யோசித்தேன். செம்பைப் பிடித்தபடி அந்தக் கூடாரத்துக்குள் நிற்பதை நினைத்தேன். என் கையிலிருந்து துடக்குத் தண்ணீர் அவளுடைய கையில் விழுகிறது. நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால்? பிள்ளை தங்காவிட்டால்? ஜெயகாந்துக்குக் காரில் ஏதும்... எனக்கு எப்படித் தெரியும், அது என்னால் இல்லையென்று? வாழ்நாள் முழுக்க அவளுடைய ஒவ்வொரு தும்மலுக்கும் நான் பயப்பட வேண்டும். படித்தவள்தானே, இதெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், நம்புகிறேனா என்று தெரியாது. பயப்படுகிறேன். அது தெரியும்.

காலையில் இவர் குளிக்கப் போனபோது இவருடைய தொலைபேசியில் கிருசாவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன்.

"ஏன் அக்கா எனக்குச் சொன்னனீ?" என்றாள்.

"சொல்லாமல் எப்பிடியடி?"

"ஏன் எனக்குச் சொன்னனீ" என்று திரும்பவும். அழுதாள். "சரி, நான் கேக்கேல்லை. நீ சொல்லேல்லை. வா."

நான் விடவில்லை. கிரிஜா அன்ரியிடம் சொல்லு, ஐயரிடம் கேள், பிறகு ஒரு குறை வரக்கூடாது என்று நான்தான் நெருக்கினேன். பின்னேரம் கிரிஜா அன்ரி எடுத்தார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான். "ஐயர் ஏலாது எண்டிட்டார் பிள்ளை. நாங்கள் என்ன செய்யிறது? இஞ்சை லண்டனிலை எங்களுக்குத் தெரிஞ்ச ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணையும் மனிசியும் தாரை வாப்பினம். நீர் யோசியாதையும், பிள்ளையைப் பாரும்."

இவர் காலையில் குளித்து வந்து இருந்த அதே கட்டில் விளிம்பில் இருந்தார். திட்டியிருக்கலாம்.

7 செப்டெம்பர்

சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

8 செப்டெம்பர்

விடியவே இவர் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டார், கப்பலுக்குப் போவோம் என்று. நான் எல்டர்ஹர்ஸ்டுக்கு விடுங்கோ என்றேன்.

"என்ன விசரோ? உள்ளுக்குப் போக ஏலாது."

"கலியாணத்துக்கு இல்லை. வீட்டைப் பாக்க. சீட்டு விக்கினம்தானே."

"சீட்டு எடுத்தால் துடக்கில்லை" என்றார். பகிடி விட்டாரோ, அழுதாரோ தெரியாது.

வாசலில் அட்டைத் தொப்பி போட்ட பெடியன், இன்றைக்கு ஒரு இந்தியக் கலியாணம் நடக்கிறது, தெற்குப் புல்வெளிக்குப் போக முடியாது, வீடும் சுவர்த்தோட்டமும் மட்டும்தான் என்றான். என் பொட்டையும் இவருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, நீங்கள் விருந்தாளிகளென்றால் மற்ற வாசல் என்றான். "இல்லை, பார்வையாளர்கள்" என்றேன். இங்கிலீசில் சொல்லும்போது அது ஒரு சாதாரணச் சொல்லாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு அறையிலும் ஒரு தொண்டர் கதிரை போட்டு இருந்தார். நல்ல சனம். நீண்ட அறை ஒன்றில் முழுக்கப் படங்கள், வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த ஆண்கள், நாயோடு பெண்கள். இன்னார் இன்னாருடைய மகளைக் கட்டி இந்த நிலம் வந்தது, இன்னார் பிள்ளையில்லாமல் செத்து இந்தக் கூரை விற்கப்பட்டது என்று அந்த அறையில் இருந்த தொண்டர் அம்மா சொல்லிக்கொண்டு போனார். நான் தலையாட்டினேன். மஞ்சள் மரத்தில் ஒரு அலுமாரி இருந்தது, பளிங்கு மாதிரி. முதிரை. பார்த்தவுடன் தெரிந்தது. "இது சிலோன் மரம்" என்றார் அந்த அம்மா, "உங்களுடைய பக்கமா?" ஓம் என்றேன்.

அப்போதுதான் வெளியே நாதஸ்வரம் தொடங்கியது.

"சத்தத்துக்கு மன்னிக்க வேணும்" என்றார் அவர். "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கிறது பாருங்கள்." தேஜு சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து ஆடினாள். யன்னலுக்குப் போனேன். கூடாரத்தின் வெள்ளைக் கூரை மட்டும்தான் தெரிந்தது. அதன் ஒரு மூலையால் புகை போனது. எது எப்போது நடக்கிறதென்று மேளத்தைக் கேட்டு என்னால் பிரிக்க முடியவில்லை. கொஞ்சம் நிற்கும், கொஞ்சம் வாசிக்கும். பிறகு கெட்டிமேளம். தாலி. அது மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் தண்ணீர் அதற்கு முன்பே வார்த்துவிட்டார்கள். நான் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமாக இருக்கும்.

இவர் எனக்குப் பின்னால் நின்று, கையைத் தூக்கிக் கும்பிட்டார். அந்தத் தொண்டர் அம்மா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு தோட்டத்துக்கு இறங்கினோம். தோட்டத்துக்கும் அந்தப் புல்வெளிக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது, புல் ஒரே விரிப்பாகத்தான் கிடக்கும். ஓரத்துக்குப் போனால்தான் ஆளுயரச் சுவரோடு கிடங்கு. மாடுகள் வராமலிருக்க அந்தக் காலத்தில் வெட்டியதாம். பிள்ளை விழுந்துவிடுமென்று சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூறைச்சேலை, கழுத்தில் மாலை, கொடி. என் தங்கச்சி.

"சித்தீ!" என்று தேஜு கத்தினாள்.

கிருசா திரும்பினாள். கண்டுவிட்டாள். அவளுடைய வாய் கொஞ்சம் திறந்தது. கையைத் தூக்கப் போனாள், இடது கையில் ஜெயகாந்தின் கை இருந்தது, வலது கையில் பூச்செண்டு. படக்காரன் ஓடிவந்து, நாடியைப் பிடித்து, முகத்தை வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அவள் திரும்பவும் பார்க்கவில்லை.

இவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "காணும், வாரும்" என்றார்.

10 செப்டெம்பர், கெல்சென்கிர்ச்சன்

தேஜு கிண்டர்கார்ட்டனில் கோட்டையும் அன்னமும் சொன்னாளாம். எவ்வளவு நல்ல ஊர்லாப் என்று டீச்சர் எனக்குச் சொல்கிறாள். ஓம் என்றேன்.

15 செப்டெம்பர்

படங்கள் வந்திருக்கின்றன, எல்லோருக்கும் அனுப்பிய மாதிரி எனக்கும். ஸ்ரீஸ்கந்தராஜா மாமாவின் மனைவி பச்சைச் சேலையில். தண்ணீர் ஒரே கோடாக விழுகிறது.

கிருசா வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் எழுதினேன். பார்த்ததாகக் காட்டியது.

21 செப்டெம்பர்

எழும்பப் பிடிக்கவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துகிறேன், குளிக்க வார்க்கிறேன், சட்டை மாற்றுகிறேன். எல்லாவற்றையும் யாரோ செய்கிறார்கள். மனதுக்கு வைத்தியம் பார்க்க, டெரப்பிக்கு டெர்மின், ஒரு நாள் குறித்துத் தரக் கேட்டு எழுதிப் போட்டு எத்தனை மாதம். அவர்களும் பதில் போடுவதில்லை.

கொறற்றி அக்கா சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். துடக்கு வீடென்று மச்சம் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் கொண்டுவந்தாரா? "உங்கடை சாமி கொஞ்சம் கண்டிப்பான ஆள் போலை. மாதாவெண்டால் ஒண்டும் கேக்கா" என்றார். பிறகு நான் சிரிக்கவில்லையென்று கண்டு, தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். பிள்ளையோடு கொஞ்சநேரம் பொம்மை விளையாடினார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மீனைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தேன்.

27 செப்டெம்பர்

முப்பத்தொண்டு முடிந்தது. மாமி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இப்போது நாங்கள் துப்புரவு. இந்தத் துப்புரவை இப்போது என்ன செய்வது?

12 அக்டோபர்

கிரிஜா அன்ரி எடுத்தார். "இனி வரலாம்தானே, நத்தார் லீவுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அன்பாகத்தான் தொடங்கினார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், நான் கேள்விப்பட்டதால்தானே எல்லாம் இப்படி என்று.

அவர் பெருமூச்சு விட்டார். "பிள்ளை, சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். எனக்கு அறிவித்தல் வந்த அண்டைக்கே தெரியும். பெறாமக்கள் பேரிலை உம்மடை மனிசன்ரை பேர் இல்லை. கெட்டிக்காரப் பெடியன், மனிசிக்குத் தெரியாமல் மறைக்கிறான் எண்டு விளங்கிச்சுது. கிருசாந்திக்கும் தெரியும். அவதான் என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவ. மாமி, அக்காதான் தாரை வாக்கோணும், நீங்கள் கேள்விப்படாத மாதிரி இருங்கோ எண்டு. நானும் இருந்தன். எல்லாரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தம்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீர் வாயாலை சொன்னாப்பிறகு என்னாலை என்ன செய்ய ஏலும், சொல்லும்? ஐயரிட்டைக் கேளுங்கோ எண்டும் நீர்தானே சொன்னனீர்."

வைத்துவிட்டேன். பிறகு குசினியில் நின்றேன். ஏன் அக்கா எனக்குச் சொன்னனீ. அவள் கேட்டது அதைத்தான். செய்தி கேட்டு அழவில்லை, நான் சொன்னதற்குத்தான் அழுதிருக்கிறாள். ஒரு சனம் முழுக்க எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. இஞ்சையிருந்து லண்டன்வரைக்கும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்க, எனக்கு மட்டும், எனக்கு மட்டும் பொறுக்க ஏலாமல் போச்சுது. ஆரையும் குறை சொல்லக்கூட எனக்கு ஒருத்தரும் இல்லை.

இவருக்கும் சொன்னேன். "விடும்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

3 நவம்பர்

பெரியப்பாவின் மகன் இன்னும் இவரோடு கதைக்கவில்லை. தகப்பனின் அறிவித்தலிலேயே பெயர் வேண்டாமென்றவன் இனி எனக்கு என்ன உறவு என்றாராம். இவர் அதை என்னிடம் சொல்லவில்லை. மாமி சொன்னார். நான் இவரிடம் கேட்கவுமில்லை.

22 டிசம்பர்

லண்டனுக்குப் போகவில்லை. தேஜுவுக்கு இருமல் என்று சொன்னோம். இருமல் இருந்ததுதான்.

18 ஜனவரி 2025

இன்றைக்குக் கிருசா தானாக வீடியோவில் வந்தாள். கனநாளைக்குப் பிறகு. தேஜு பாட்டுப் பாடிக் காட்டினாள், கூடவே கிருசாவும் பாடினாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. மடியில் ஒரு தலையணை. பேசும்போது நடுவில் ஒருக்கால் எழும்பிப் போய், வாய் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். "மத்தியானம் சாப்பிட்டது சரிவரேல்லை" என்றாள்.

பின்னாலிருந்து கிரிஜா அன்ரியின் குரல். "பிள்ளை, நேற்று மாதிரி அந்த உடுப்புக் கூடையைத் தூக்கிப்போடாதையும். ஜெயகாந்த் வந்து தூக்குவான்."

கிருசா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணையைக் கொஞ்சம் மேலே இழுத்தாள். நான் கேட்பேன் என்று காத்திருந்தாள். கேட்டால் அவளால் பொய் சொல்ல முடியாது. சொல்லத் தயாராக இல்லை என்பதும் முகத்தில் இருந்தது. இன்னும் நாள் பார்க்கிறாளோ, வெளியில் யாருக்குமே சொல்லவில்லையோ, எனக்கு மட்டும்தான் சொல்லவில்லையோ. நாக்கு நுனியில் வந்து நின்றது.

"அங்கை குளிரோ?" என்றேன்.

அவளுடைய தோள் கொஞ்சம் இறங்கியது. "ஓம் அக்கா. சரியான குளிர்."

"காலுக்கு மேஸ் போடு."

"ஓம்."

இவர் வேலையால் வந்து, கிருசா என்னவாம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, அங்கே குளிராம் என்றேன்.